அப்பா விட்டுச் சென்ற இசைத்தட்டுகள்: பழைய கர்நாடக இசைப் பதிவுகளில் எவற்றைத் தேடிக் கேட்கலாம்?

சத்துவாச்சாரி வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் வேலூர் லாங்கு பஜாரில் சிறிய ஜவுளிக் கடை வைத்திருந்தார். அவர் மறைந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் பரணை ஒழித்தபோது, கடையின் பழைய கணக்குப் புத்தகங்களுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியில், வேட்டித் துணி சுற்றிய இருபத்து மூன்று இசைத்தட்டுகள் கிடைத்தன. நான்கு உடைந்துவிட்டன; இரண்டில் விளிம்பிலிருந்து நடுப்பகுதி வரை விரிசல் ஓடுகிறது. மற்றவற்றைக் குடியாத்தத்திலுள்ள உறவினர் வீட்டில், சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வைத்துக் கேட்டோம்.

முசிரி சுப்பிரமணிய ஐயரின் 'நகுமோமு', எஸ்.ஜி. கிட்டப்பாவின் 'எவரனி', என்.சி. வசந்தகோகிலத்தின் 'ஏன் பள்ளி கொண்டீரய்யா', டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆகியவற்றை லேபிளைப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு தட்டில் மட்டும் லேபிள் அடியோடு வெளுத்துப் போயிருக்கிறது. அதில் ஆர்மோனியத்துடன் ஒரு பெண் குரல் பாடுகிறது. யார், என்ன பாட்டு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். முறையாக இசை கற்றவன் அல்லன். 1980களில் வந்த கேசட்டுகளையும் அதற்குப் பின் வந்தவற்றையும் கேட்டே என் காது பழகியது. தண்ணீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு வசனம் உண்டு. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981ஆம் ஆண்டு மீண்டும் சாமி வந்துவிட்டதால் அந்த வரி காலாவதியாகிவிட்டது. அதற்குப் பதிலாகக் 'கச்சேரியில்லா ஊர்' என்று சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் நெடுநாள் குறை.

உண்மையைச் சொன்னால், முதல் நாள் கேட்டபோது எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. எண்ணெய்ச் சட்டியில் வடை வேகும் ஓசைக்கு நடுவே எல்லோரும் ரயிலைப் பிடிக்கப் போகிறவர்களைப் போல வேகமாகப் பாடுகிறார்கள். ஆண்களின் குரல் சிறுவர்களின் குரல் போல ஒலிக்கிறது. பாட்டு சூடு பிடிக்கும் நேரத்தில் தட்டு முடிந்துவிடுகிறது. ஆனால் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் வசந்தகோகிலத்தின் குரல் இரண்டு நாட்கள் என்னை விட்டுப் போகவில்லை. ஆகவே கேட்கிறேன்: பெயருக்காகப் போற்றப்படுபவை வேண்டாம், இன்று கேட்டாலும் இசையாக நிற்கக்கூடிய பழைய பதிவுகள் எவை? அவற்றை எப்படிக் கேட்பது? அப்பாவின் தட்டுகளைப் பாதுகாக்க என்ன செய்ய வேண்டும் என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

காட்பாடி தட்டுப் பித்தன் எழுதியது:

ஐயா, வணக்கம். உங்கள் ஏமாற்றத்தில் பாதி, பாடியவர்களால் வந்ததன்று; ஓட்டிய கருவியால் வந்தது. சாவி கொடுக்கும் கிராமபோனில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கும். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்ற வேண்டிய தட்டு 83 சுற்று சுற்றினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும். காலப்பிரமாணமும் அதே விகிதத்தில் ஓடும். நீங்கள் கணித ஆசிரியர், விகிதத்தை நான் விளக்க வேண்டியதில்லை. தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி, ஒரு நிமிடத்தில் அது எத்தனை முறை சுற்றி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். மிகப் பழைய தட்டுகள் சில 78க்குச் சற்றுக் கூடவோ குறையவோ வேகத்தில் பதிவானவை என்பதால், கடைசி முடிவைக் காதுதான் சொல்ல வேண்டும். இணையத்தில் ஏற்றப்பட்டுள்ள பழைய பதிவுகளிலும் இந்தப் பிழை மலிந்து கிடக்கிறது. ஒரே பாடகர் ஒரு பதிவில் ஆண்மையோடும் இன்னொன்றில் சிறுவனாகவும் ஒலித்தால், பிழை பெரும்பாலும் மாற்றியவரின் கருவியில் இருக்கும்.

மீதிப் பாதி, தட்டின் இயல்பு. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். பன்னிரண்டு அங்குலம் என்றால் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். அதற்குள் ராகத்தின் முகத்தைக் காட்டி, பல்லவி, அனுபல்லவி, சரணம் முடித்து, முடிந்தால் இரண்டு ஆவர்த்தம் (தாளச் சுற்று) ஸ்வரமும் பாட வேண்டும். ஆகவே அவர்கள் கச்சேரியைச் சுருக்கிப் பாடினார்கள் என்று நினைத்துக் கேட்டால் ஏமாற்றமே வரும். வெண்பாவை யாரும் காப்பியத்தின் சுருக்கம் என்று படிப்பதில்லை அல்லவா? அதைப் போல, அந்த மூன்று நிமிடத்துக்கென்றே யாக்கப்பட்ட ஒன்றாகக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் பெட்டியில் இருப்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் தந்தையார் காது உள்ளவர். கிட்டப்பா 1906இல் பிறந்து 1933இல் மறைந்தவர், இருபத்தேழு வயது. ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசையில் மண்தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கப் பாடிப் பழகிய குரல் அது. 'எவரனி' தேவாமிருதவர்ஷிணி ராகத்தில் அமைந்த தியாகராஜர் கீர்த்தனை. மேல் ஸ்தாயியில் அவர் நிற்கும் இடங்களில் குரல் கூச்சலாக மாறுவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். பிருகாக்கள் (விரைந்து உதிரும் ஸ்வரக் கோவைகள்) அத்தனை வேகமாக விழுந்தும் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக நிற்கிறது. நாடகக்காரர் என்று அவரை ஒதுக்கியவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். எனக்கோ, அந்தத் தலைமுறையில் தட்டில் பிடிபட்ட குரல்களில் அதற்கு இணை கிடையாது.

முசிரியின் 'நகுமோமு' வேறு வகை. ஆபேரியில் அந்தப் பாட்டு இன்றைக்கு எங்கும் ஒலிக்கிறதென்றால் அதற்கு அந்தத் தட்டு பெரிய காரணம். அவருடைய குரல் வழவழப்பான குரல் அன்று. அழுத்தும் இடத்தில் கொஞ்சம் தழுதழுக்கும். அந்தத் தழுதழுப்பையே பாவமாக மாற்றிக்கொண்டவர் அவர். இன்று இதே பாட்டைப் பாடுபவர்களில் பலர் சங்கதிகளின் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வகைகளின்) எண்ணிக்கையில் அவரைத் தாண்டிவிட்டார்கள். இறைஞ்சுவதில் தாண்டினார்களா என்பதை நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

வசந்தகோகிலம் 1919இல் பிறந்து 1951இல் மறைந்தார். அருணாசலக் கவிராயரின் அந்தப் பாட்டு, இராமனாக வந்து அலைந்த களைப்பினாலா இப்படிப் படுத்துவிட்டீர் என்று திருவரங்கத்துப் பெருமாளைக் கேட்கும் பாட்டு. அதை மோகனத்தில் அவர் பாடும்போது ஒரு சொல்லும் சிதையாது. கேலியும் பரிவும் ஒரே குரலில் வரும். (நம் பள்ளிகொண்டாவில் பாலாற்றங்கரையில் படுத்திருக்கும் உத்தர ரங்கநாதரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தட்டுதான் நினைவுக்கு வருகிறது. அந்த ஆற்றைப் பார்த்தால் அவர் எழுந்திருக்காததே நல்லது என்றும் தோன்றும்.)

ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: நாகசுரத்தின் நீளத்தைக் கூட்டிச் சுருதியைத் தாழ்த்தி, பாரி நாகசுரத்தை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். தட்டின் வேகம் தவறினால் முதலில் பலியாவது அந்தக் கம்பீரம்தான். எனவே திருகைச் சரிசெய்த பிறகே அதை மீண்டும் கேளுங்கள்.

பெட்டியில் இல்லாதவற்றில் இரண்டு சொல்கிறேன். ஜி.என். பாலசுப்பிரமணியம் இளமையில் கொடுத்த 'வாசுதேவயனி' தட்டில் கல்யாணி, வாணம் கொளுத்தியது போல இருக்கும். இன்னொன்று, துவாரம் வெங்கடசாமி நாயுடுவின் வயலின் தட்டுகள். வில்லை அவ்வளவு நீளமாக இழுத்து, ஒரு குரல் மூச்சு விடாமல் பாடுவதைப் போல வாசித்தவர்கள் குறைவு. வயலினைப் பக்கவாத்தியம் என்ற இடத்திலிருந்து நகர்த்தித் தனிக் கச்சேரி செய்தவர் அவர். அவருடைய முதல் தனிக் கச்சேரி 1938இல் நடந்தது நம் வேலூரில்தான் என்று அவரது வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. ஆகவே 'கச்சேரியில்லா ஊர்' என்ற உங்கள் வசனத்தைத் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு: இவை அரக்குத் தட்டுகள். ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும் என்பதால் எக்காரணம் கொண்டும் அதைத் தொட்டுத் துடைக்காதீர்கள். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால், லேபிளில் ஈரம் படாமல், பள்ளம் ஓடும் திசையிலேயே துடைத்து உலரவிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். பரணில் மட்டும் மீண்டும் வைக்காதீர்கள். வேலூர் கத்திரி வெயிலில் தட்டு அப்பளம் போல வளைந்துவிடும். சாவி கிராமபோனில் இரும்பு முள்ளை ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாக மாற்ற வேண்டும். பழைய முள்ளில் ஓட்டினால் பள்ளத்தை உழுதுவிடும். எல்லாவற்றையும் விட நல்லது, 78 சுற்றுத் தட்டுக்கென்று உள்ள அகன்ற முள் பொருத்திய மின்சாரக் கருவியில் ஒரு முறை ஓட்டிக் கணினியில் பதிந்துகொண்டு, தட்டுக்கு ஓய்வு கொடுப்பதே.

வாலாஜா இசையன்பர் எழுதியது:

வணக்கம். மேலே எழுதியவர் சொன்னவற்றை வழிமொழிகிறேன். ஆனால் அவருடைய பட்டியலில் நம் வட்டாரத்து வாசலே திறக்கப்படவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வாலாஜாபேட்டையில் வாழ்ந்த வேங்கடரமண பாகவதர் (1781–1874) தியாகராஜரின் நேர்ச் சீடர். அவரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் குருவின் கீர்த்தனைகளை எழுதி வைத்த சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் காக்கப்பட்டன. குருநாதர் வாலாஜாபேட்டைக்கு எழுந்தருளியபோது, பாகவதரின் சீடரான மைசூர் சதாசிவ ராவ், 'தியாகராஜ ஸ்வாமி வெடலின' என்ற தோடி ராகக் கீர்த்தனையைப் பாடி வரவேற்றார். வேங்கடரமண பாகவதர் மறைந்தது 1874. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்தது 1877. அந்த மூன்று ஆண்டை நினைத்து நான் பலமுறை பெருமூச்சு விட்டிருக்கிறேன். அப்படியே பிந்தி இருந்திருந்தாலும் அந்தக் கருவி வாலாஜாபேட்டைக்கு வந்திருக்காது என்பது வேறு விஷயம்.

எனவே நாம் கேட்கக்கூடியது அதற்குப் பிந்தைய தலைமுறைகளைத்தான். அதில் நான் முதலில் பரிந்துரைப்பது சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் (1898–1975) பதிவுகள். 1911ஆம் ஆண்டு தனி மாவட்டமாகப் பிரியும் வரை சித்தூர், வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம். அந்த உரிமையில் அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்கிறேன். அவருடைய குரு காஞ்சிபுரம் நாயனா பிள்ளை. தாளக் கணக்கில் யாருக்கும் பிடிகொடுக்காத அந்த மாமேதை, மிருதங்கம், கடம், கஞ்சிரா, கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்வது) என்று மேடை நிறையப் பக்கவாத்தியங்களை அமர்த்திக்கொண்டு பாடியவர். இசைத்தட்டுக்குப் பாடச் சம்மதிக்காமலேயே 1934இல் மறைந்துவிட்டார். அவர் பாட்டு எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்க வேண்டுமானால், சீடர்களின் பதிவுகளே நமக்கு உள்ள வழி.

சித்தூராரின் 'மதுராநகரிலோ' என்ற ஆனந்தபைரவி ஜாவளித் (காதல் சுவையுள்ள துள்ளலான சிறு பாடல்) தட்டு அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு ஒலித்தது. என் பாட்டியாருக்குத் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அந்த ஜாவளியை உலையில் அரிசி போடும்போது முணுமுணுப்பார். மோர் விற்கப் போகும் பெண் வழியை மறிக்கும் கண்ணனிடம் பேசும் பாட்டு அது. லயத்தில் அவ்வளவு கடுமையான குருவிடம் பயின்றவர், அந்தக் கணக்கையெல்லாம் உள்ளே ஒளித்து வைத்துக்கொண்டு, நடையில் மட்டும் ஒரு துள்ளலாகக் காட்டுகிறார். அதைக் கேட்டுவிட்டு, அவருடைய சீடரான மதுரை சோமுவின் கச்சேரிப் பதிவு ஒன்றைக் கேளுங்கள். குரு அடக்கி வைத்ததைச் சீடர் அணை உடைத்து விட்டிருப்பார்.

நாயனா பிள்ளையிடம் பயின்ற இன்னொருவர் டி. பிருந்தா. வீணை தனம்மாளின் பேத்தி. தங்கை முக்தாவுடன் சேர்ந்து பாடிய க்ஷேத்ரக்ஞர் பதங்களை (மெல்ல நகரும் காதல் பாடல்களை) முதல் முறை கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதை வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறேன். பாட்டு நகரவே இல்லை என்று எண்ணினேன். சில ஆண்டுகள் கழித்து, பேரக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு விளக்கை அணைத்த அறையில் மெல்லிய ஒலியில் கேட்டபோதுதான், நகர்வது முழுவதும் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே இருக்கும் வெளியில் நடக்கிறது என்பது விளங்கியது. இவை உங்கள் உடனடிப் பட்டியலுக்கு அல்ல, ஐயா; ஓராண்டு கழித்துக் கேட்க எடுத்து வையுங்கள்.

தனம்மாளின் (1867–1938) வீணையையே 1932இல் கொலம்பியா நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. மீட்டு மிகக் குறைவு, மிருதங்கம் கிடையாது, ஆடம்பரம் அறவே கிடையாது. அவர் வீட்டு வெள்ளிக்கிழமைக் கச்சேரிகளில் அசைந்து உட்காரவும் அஞ்சினார்கள் என்று சொல்வார்கள். அந்தச் சில தட்டுகளைக் கேட்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நம் ஊரில் இது சிறிய தியாகம் அன்று.

லேபிள் வெளுத்த தட்டைப் பற்றி ஒரு குறிப்பு. லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பதிவு எண் பொறித்திருக்கும், அதைக் கொண்டு நிறுவனத்தின் பழைய விற்பனைப் பட்டியல்களில் தேடலாம். ஆர்மோனியத்துடன் பெண் குரல் என்கிறீர்கள். பாடி முடித்ததும் அவர் தம் பெயரைச் சொல்கிறாரா என்றும் கேளுங்கள். 1902இல் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான் தொடங்கி, அந்தக் காலத்தில் பலர் அப்படிச் சொன்னார்கள். மூலத்தட்டு ஜெர்மனிக்குப் போய்ப் படியெடுக்கப்பட்டதால், அங்கே இருப்பவர்களுக்குப் பாடியவர் யார் என்று தெரிய வேண்டியிருந்தது. ஒருவேளை அது கோயம்புத்தூர் தாயியாக (1872–1917) இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. தாயி பாடிய அருட்பாத் தட்டைக் கேட்டு மயங்கிய பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ், அதைப் பியானோவுக்கு மாற்றி 'ராகமாலிகா' என்ற உருப்படியையே எழுதினார். வடலூர் வள்ளலாரின் பாட்டு பாரிஸ் பியானோவில் ஏறியது ஓர் அரக்குத் தட்டின் முதுகில்தான்.

கொசப்பேட்டை மிருதங்க மாணவன் எழுதியது:

பெரியவர்களுக்கு வணக்கம். வயதில் சிறியவன் மாறுபட்டு எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இசைத்தட்டுகளின் அருமையை மறுக்கவில்லை. ஆனால் புதிதாகப் பழமைக்குள் நுழைபவருக்கு 78 சுற்றுத் தட்டுகளை முதலில் கொடுப்பது, சாப்பாட்டுக்கு வந்தவருக்கு ஊறுகாயை முதலில் பரிமாறுவதைப் போன்றது என்று எண்ணுகிறேன். அவற்றில் ஆலாபனை அரை நிமிடம்; நிரவலுக்கு (ஒரு வரியைப் பல விதமாக விரித்துப் பாடுவதற்கு) இடமே இல்லை; தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியம் மட்டும் தனித்து வாசிப்பது) என்ற பேச்சே கிடையாது. 1925க்கு முற்பட்ட தட்டுகளில் மைக்ரோபோனும் இல்லை. கூம்புக்கு நேராகப் பாடினார்கள், மிருதங்கம் எங்கோ பெட்டிக்குள் தட்டுவது போலக் கேட்கும். ஆகவே ஒலிநாடா வந்த பிறகு, 1950களிலும் 1960களிலும் வானொலியிலும் சபைகளிலும் வீட்டுத் திருமணங்களிலும் பதிவான முழுக் கச்சேரிகளிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

அதற்கு நான் சொல்லும் வழி, பாடகரைப் பிடித்துக்கொண்டு போவது அன்று. நம் ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போவது. மிருதங்க வித்துவான் வேலூர் ஜி. ராமபத்ரன் 1929இல் இங்கே பிறந்தவர். தந்தையார் கோபாலாச்சாரியார் கொன்னக்கோல் வித்துவான்; முதல் பாடம் அவரிடம். அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர், புல்லாங்குழல் மாலி என்று அந்தத் தலைமுறையின் பெரியவர்கள் எல்லோருக்கும் வாசித்து, 2004இல் சங்கீத கலாநிதி விருது பெற்று, 2012இல் மறைந்தார். பக்கவாத்தியம் என்று அவர் பெயர் போட்டிருக்கும் பழைய கச்சேரிகளாகத் தேடி எடுத்துக் கேட்டால், அரை நூற்றாண்டுக் கர்நாடக இசை முழுவதும் உங்கள் கையில் வந்துவிடும்.

அவர் வாசிப்பைச் 'சுகநாதம்' என்பார்கள். சர்வலகு, அதாவது சிக்கலான கணக்கில்லாமல் தாளத்தோடு இயல்பாக ஓடும் நடை, அவருடைய உயிர். பாடகர் ஸ்வரம் பாடும்போது கணக்கை மேலே தூக்கிக் காட்டாமல், நடையை மட்டும் சீராகக் கொடுத்துக்கொண்டே போவார். தொப்பியில் (மிருதங்கத்தின் இடப் பக்கத்தில்) வரும் கும்காரம் என்ற ஆழ்ந்த நாதம் பாட்டுக்கு அடியில் பாய் விரித்தது போல இருக்கும். என் குருநாதர் எனக்கு முதல் ஆண்டில் கொடுத்த வீட்டுப்பாடமே, மதுரை மணி ஐயரின் கச்சேரியில் ராமபத்ரன் எங்கெல்லாம் வாசிக்காமல் விடுகிறார் என்று குறித்து வருவதுதான். எங்கே அடிக்கிறார் என்று எழுதிக்கொண்டு போனேன். நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மதுரை மணி ஐயர் (1912–1968) சர்வலகு ஸ்வரத்துக்கென்றே பிறந்தவர் என்பதால் இந்த இணை எனக்கு மிகவும் பிடிக்கும். காம்போதியில் பாபநாசம் சிவனின் 'காணக் கண் கோடி வேண்டும்' இருக்கும் ஏதாவது ஒரு கச்சேரியைத் தேடிக் கேளுங்கள். கபாலியின் உற்சவத்தை அவர் வருணித்துக்கொண்டு போகும்போது, மிருதங்கம் தேருக்கு முன்னால் நடக்கிறதா பின்னால் நடக்கிறதா என்று சொல்ல முடியாது. ஜோன்புரியில் 'எப்போ வருவாரோ'வும் அப்படித்தான். பதிவு இரைச்சலாக இருக்கும், முன்வரிசையில் யாரோ இருமுவார், குழந்தை அழும். மணி ஐயருக்கு அது ஒன்றும் தடையாகத் தெரியவில்லை, நமக்கும் ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும்.

லயத்தில் இதற்கு நேர் எதிர்த் துருவத்தைப் பார்க்க வேண்டுமானால், ஆலத்தூர் சகோதரர்களின் பல்லவிப் பதிவுகளைக் (ஒரே வரியை எடுத்துத் தாளக் கணக்கோடு விரித்துப் பாடுபவை) கேளுங்கள். பழநி சுப்பிரமணிய பிள்ளை உடன் வாசித்தது கிடைத்தால் விடாதீர்கள். அங்கே ஒவ்வொரு ஆவர்த்தமும் ஒரு கணக்கு. ஐயா கணித ஆசிரியர் என்பதால் எங்களைவிட அதிகம் ரசிக்கக்கூடும். மாலியின் கச்சேரிகளை மட்டும் முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் எழுந்து போகும் வழக்கம் அவருக்கு உண்டு, பதிவும் அவரோடு எழுந்து போய்விடும்.

காட்பாடி தட்டுப் பித்தன் எழுதியது:

தம்பி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மனோதர்மத்துக்கு (மேடையிலேயே கற்பனையாக விரித்துப் பாடுவதற்கு) முழுக் கச்சேரியே வேண்டும், அதில் வாதமில்லை. ஆனால் ஊறுகாய் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். கிட்டப்பாவுக்கும் தனம்மாளுக்கும் ஒலிநாடாக் கச்சேரி ஒன்றுகூடக் கிடையாது. 1930களில் பாடிய முறையைக் கேட்க வேறு பந்தியே இல்லாதபோது, இலையில் விழுந்தது எதுவானாலும் அதுவே சாப்பாடு. தவிர, வேண்டாததை விட்டுப் பாடுவது எப்படி என்று அந்தத் தட்டுகள் கற்றுக்கொடுத்ததைப் பிற்காலத்து மூன்று மணி நேரக் கச்சேரிகள் சில மறந்தேவிட்டன.

எங்கே கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னை மியூசிக் அகாதெமியில் இருந்த இடத்திலேயே பழைய கச்சேரிகளைக் கேட்பதற்கு ஒலிக் காப்பகம் இருக்கிறது. காட்பாடியில் காலை வண்டி ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இசைத்தட்டுச் சேகரிப்பும் உண்டு. உங்கள் தட்டுகளைப் பதிந்து மற்றவர்களோடு பகிர நினைத்தால், இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவு உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். தியாகராஜர், அருணாசலக் கவிராயர் பாட்டுகள் கொண்ட உங்கள் பழைய தட்டுகளுக்கு அந்தத் தடை இராது. பாபநாசம் சிவன் போன்று 1973இல் மறைந்தவர்களின் பாடல் என்றால் சாகித்தியத்துக்கான (பாடல் வரிகளுக்கான) உரிமை தனியாக 60 ஆண்டுகள் ஓடும் என்பதால் அங்கே மட்டும் கவனம் தேவை.

சத்துவாச்சாரி வாசகர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. முதலில், 'கச்சேரியில்லா ஊர்' வசனத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 1938இல் என் தந்தையாருக்குப் பதினான்கு வயது. அந்த வயலின் கச்சேரிக்கு அவர் போயிருப்பாரா என்று கேட்க வேண்டிய வயதில் நான் கேட்கவில்லை.

நேற்று மீண்டும் குடியாத்தம் சென்றோம். காகிதத் துண்டு செருகி எண்ணிப் பார்த்ததில் கிராமபோன் நிமிடத்துக்கு 86 சுற்று சுற்றிக்கொண்டிருந்தது. என் கணக்குப்படி முக்கால் கட்டைக்கும் மேல் ஏற்றம். திருகைத் தளர்த்தி 78க்குக் கொண்டு வந்து ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை வைத்தோம். சமையலறையில் இருந்த உறவினரின் மனைவியார் கரண்டியோடு கூடத்துக்கு வந்து, இது வேறு தட்டா என்று கேட்டார். அதே தட்டுதான்.

மணி ஐயரின் 'காணக் கண் கோடி வேண்டும்' என் பேரன் கைப்பேசியில் எடுத்துக் கொடுத்தான். எங்கே வாசிக்காமல் விடுகிறார் என்று குறிக்க முயன்று, எட்டு ஆவர்த்தத்துக்குப் பிறகு பாட்டில் விழுந்துவிட்டதால் தேர்வில் நானும் தோல்வி. பிருந்தா, முக்தாவின் பதங்களை வாலாஜா அம்மா சொன்னபடி எடுத்து வைத்திருக்கிறேன். ஓராண்டு பொறுப்பேனா என்பது சந்தேகம்.

லேபிள் வெளுத்த தட்டு தாயியின் அருட்பா அன்று; சொற்கள் தெலுங்காக இருக்கின்றன. சாய்த்துப் பார்த்ததில் பொறித்த எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் தெரிகின்றன, முன்னால் இருப்பவை தேய்ந்துவிட்டன. ஆனால் பாட்டு முடிந்ததும் அந்த அம்மையார் ஏதோ சொல்கிறார். பழைய முள் அந்த இடத்தை உழுதிருக்கிறது போலும். புதிய முள் மாற்றி நான்கு முறை வைத்துக் கேட்டோம். தட்டு பாழாகிவிடும் என்று ஐந்தாவது முறை நானே தடுத்துவிட்டேன். 'அம்மாள்' என்பது மட்டும் தெளிவாகக் கேட்கிறது.